கூண்டில் நின்ற வாத்தியார்

சவரக் கண்ணாடியின் முன் நின்று 'க்ப' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் முழுக்கச் சோப்பு நுரை.

'க்' தனியாகவும் 'ப' தனியாகவும் சொல்வது யாருக்கும் வரும். இது இரண்டும் ஒரே வேளையில் வர வேண்டிய ஒலி. தொண்டைப் பக்கம் ஒரு கதவும் உதட்டில் ஒரு கதவும் சாத்தியிருக்க வேண்டும். பிறகு இரண்டும் சேர்ந்து திறக்க வேண்டும். எனக்கு ஒன்று திறந்து, அது யோசித்து, அதன் பிறகே மற்றது திறந்தது. இடையில் கண்ணாடியில் நுரை தெறித்தது.

என் மனைவி பிலோமினா தைலப் புட்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, நெஞ்சை அடைக்குதா?"

"இல்லை. படிக்கிறேன்."

"என்னத்தை?"

"ஆப்பிரிக்கா பாஷை."

அவள் புட்டியைத் திறந்து, என் பனியனை விலக்கி, நெஞ்சில் அழுத்தித் தேய்த்துவிட்டாள். "படிச்சாலும் சரி, அடைச்சாலும் சரி, இது நல்லது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அன்று முழுவதும் என் மேல் யூகலிப்டஸ் மணந்தது. அந்த மணத்தை இன்று எங்கே முகர்ந்தாலும் என் நாக்கின் பின்பகுதி தானாக மேலே போகிறது.

அவளுக்குக் கேலி செய்யும் உரிமை கிடையாது. அந்த மொழியை நான் படிக்க நேர்ந்ததற்குக் காரணமே அவள்தான்.

ஞானஸ்நான விருந்து

எண்பத்தெட்டின் கலவர ஆண்டு கழிந்து சில காலம் ஆகியிருந்தது. நகரத்துக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால் லைங் தாயாவில் தையல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன. நான் நீதிமன்றத் தலைமை எழுத்தர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, காலையில் எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் இருந்த நாட்கள்.

உளுந்து ஏற்றிப்போக ஒரு கப்பல் வந்திருந்தது. உங்கள் ஊர் இட்லியில் பாதி எங்கள் பர்மா உளுந்துதான் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். அந்தக் கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் கோஜோ. கானா நாட்டின் கிழக்குப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். ஞாயிறு பூசைக்கு எங்கள் கோவிலுக்கு வந்தார். கீழ்க்குரலில் அவர் பாட ஆரம்பித்ததும் பெஞ்சு அதிர்ந்தது. பாடகர் குழுவில் ஆண்குரல் என்று எங்களுக்கு மிஞ்சியிருந்தவர் ஆஸ்துமாக்காரர் ஒருவர்தான். பெண்கள் சும்மா விடுவார்களா.

பூசை முடிந்ததும் பிலோமினாவும் அவள் கூட்டாளிகளும் அந்த மனிதரை ஒரு பேருந்தில் ஏற்றி, லைங் தாயாவில் ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கப்பல்காரருக்குத் தரும் கரையிறங்கும் சீட்டு, துறைமுகத்தை அடுத்த கியாக்டடாவையும் அதை ஒட்டிய சில வட்டங்களையும் தாண்டினால் வெறும் காகிதம்.

திரும்பும் வழியில் பாலத்தருகே பேருந்து நின்றது. சோதனைக்காகப் போலீஸ் சார்ஜென்ட் கோ அவுங் உள்ளே ஏறினார். பேருந்துக்குள் அப்போது மாதாவின் பாட்டு நடந்துகொண்டிருந்தது. கீழ்க்குரல் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டிய சிரமம் சார்ஜென்டுக்கு இல்லை.

"இவர் யாரு?"

"எங்க விருந்தாளி" என்றாள் பிலோமினா, பெருமையாக.

இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரரை விருந்தாளி என்று சொல்வது தனிக் குற்றம். வட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கோ அவுங் நல்ல மனிதர். அந்த வார்த்தை காதில் விழாதது மாதிரி ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார். ஆனால் கரையிறங்கும் சீட்டைப் பார்க்காமல் விட முடியாது; கோஜோவை இறக்கிக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்.

வீட்டுக்கு வந்த பிலோமினா மாலை முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. "நாமதானே கூட்டிட்டுப் போய் மாட்டிவிட்டோம்" என்றாள். அந்த 'நாம' எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. திருமணம் என்பதன் இலக்கணம் அது.

மொழி என்ற கட்டம்

அறிக்கை எழுதிய காவலர் கோஜோவிடம் தாய்மொழி என்ன என்று கேட்டிருக்கிறார். கோஜோ உண்மையைச் சொன்னார்: எவே. காவலர் படிவத்தில் மொழி என்ற கட்டத்துக்குள் பர்மிய எழுத்தில் அப்படியே எழுதினார். அதிகாரி கையெழுத்திட்டார். அந்த நொடியில் ஓர் எளிய வழக்கு கடினமான வழக்காக ஆகிவிட்டது.

மறுநாள் காலை நீதிபதி டோ ம்யா ம்யா எனக்கு ஆள் அனுப்பினார். அவரது அறையில் மின்விசிறி சுற்றவில்லை. எங்கள் இருவருக்கும் இனிப்பு அதிகமான தேநீர் வந்தது. அவர் என்னை ஸயா என்பார், நான் அவரை ஸயாமா என்பேன்; வாத்தியார், டீச்சர் என்கிற மரியாதைச் சொற்கள்.

"ஸயா, அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"என்னைவிட நல்லா, ஸயாமா."

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"தெரியும்."

"ஆனா கட்டத்துல இங்கிலீஷ் இல்லை."

"இல்லை."

இருவரும் தேநீர் குடித்தோம்.

இதை வாசிப்பவர்கள் அந்த அம்மையாரை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன், அதே இருக்கையில் இருந்த வேறொருவர், ஹொக்கியன் பேசும் சீன மாலுமி ஒருவருக்குக் கான்டனீஸ் மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரித்தார். மாலுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேல்முறையீட்டில்தான் தெரிந்தது, அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று. அந்த நீதிபதி மலைப்பகுதிக்கு மாற்றலாகிப் போனவர் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் நீதிமன்றத்தில் மொழி என்ற கட்டத்தை எல்லாரும் நாகப்பாம்பைப் போல் நடத்தினார்கள்.

கட்டத்தைத் திருத்தலாமா என்றால், திருத்தலாம். கோப்பு காவல் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கிருந்து வட்டம், வட்டத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்தில் ஒருவர் விடுப்பில் இருப்பார். அதுவரை கோஜோ சிறையில் இருக்க வேண்டும். கப்பலோ வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறது. கேப்டன் தெளிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்: எஞ்சினியர் வியாழன் மாலைக்குள் வராவிட்டால் அடுத்த துறைமுகத்தில் வேறு ஆள் ஏறிக்கொள்வார். வேலை போகும், ஊருக்குப் போகும் வழியும் போகும்.

"வெளி ஆளா ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும்" என்றார் நீதிபதி. "இந்த நகரத்துல அந்தப் பாஷை யாருக்குத் தெரியும்?"

எனக்கு விதிகள் மனப்பாடம். நீதிமன்ற ஊழியர் மொழிபெயர்க்கக் கூடாது. ஓய்வு பெற்றவர் ஊழியர் அல்ல. மொழி தெரிந்திருக்க வேண்டும். எத்தனை காலமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

"இன்னைக்கு யாருக்கும் தெரியாது, ஸயாமா" என்றேன். "வியாழக்கிழமை எனக்குத் தெரியும்."

அவர் நாட்குறிப்பில் வியாழன் என்று எழுதினார். அரசாங்க நடைமுறையில் ஊறிய இருவருக்கு அது விசித்திரமாகவே படவில்லை. கட்டத்தைத் திருத்துவதைவிட மொழியைக் கற்பது சுலபம். எங்கள் இருவருக்குமே அது தெரியும்.

கம்பிக்கு உள்ளே பள்ளிக்கூடம்

காவல் அறையில் கோஜோ உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே பெஞ்சில். நடுவில் கம்பி. விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"அங்கிள், உங்களுக்கு நான் சொல்லித் தரணும். அப்புறம் நான் சொல்றதை நீங்க எனக்காக மொழிபெயர்ப்பீங்க."

"ஆமாம்."

"இப்ப நாம பேசிக்கிட்டிருக்கிற இந்த இங்கிலீஷ்லேயே..."

"கட்டத்துல இல்லை."

அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் பாடத்தைத் தொடங்கினார். அவர் அம்மா பள்ளி ஆசிரியை. எவே மொழிப் பாடம்தான் நடத்துவாராம். மகனுக்கு அந்த ரத்தம் முழுசாக வந்திருந்தது.

முதல் சொல் நன்றி. 'அக்பெ'. அதில்தான் அந்த இரட்டைக் கதவு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க நன்றி சொல்லலை அங்கிள், கெட்டுப்போன பம்பு மாதிரி சத்தம் போடறீங்க" என்றார். அவர் எஞ்சினியர் அல்லவா.

ஆனால் தமிழ் வாய் சில இடங்களில் என்னைக் கைவிடவில்லை. அந்த மொழியில் தகரம் வேறு, டகரம் வேறு. பல்லில் ஒன்று, அண்ணத்தில் ஒன்று. பிறவியிலேயே எனக்கு அந்த வித்தியாசம் உண்டு. 'எவே' என்பதில் வரும் வகரத்தை இரண்டு உதட்டாலும் மெதுவாகச் சொல்ல வேண்டும்; அதுவும் வந்தது. அப்புறம் ங. நம் நெடுங்கணக்கில் அத்தனை மரியாதையாக வரிசையில் நிற்கவைத்துவிட்டு வேலையே கொடுக்காமல் வைத்திருக்கிறோமே, அந்த ங அங்கே சொல்லுக்கு முதலில் வந்து கம்பீரமாக நிற்கிறது. காலை வணக்கமே அதில்தான் தொடங்குகிறது. பர்மிய மொழியிலும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது சிரமமில்லை.

மிஷன் பள்ளியில் எங்களுக்கு லத்தீன் சொல்லித்தந்த பிரதர் ஒருவர் உண்டு. அவருக்கு இலக்கணம் என்றால் அட்டவணை. ஒவ்வொரு வினைச்சொல்லும் கட்டம் கட்டமாக அறுபடும். கட்டம் விட்டுப்போனால் முட்டியில் பிரம்பு விழும். அந்தப் பழக்கத்தில் நான் தாளில் கோடு போட்டுத் தயாராக வந்திருந்தேன்.

"வா என்ற வினையின் இறந்தகால வடிவம்?"

"மெவா. நான் வந்தேன்."

"நிகழ்காலம்?"

"மெவா-ன்னாலே போதும் பல இடத்துல. வினை மாறாது, அங்கிள். இனிமே வருவேன்னா நடுவுல ஒரு ஆ சேர்ந்து மாவா ஆகும்."

"அப்ப குற்றம் எப்ப நடந்ததுன்னு எப்படித் தெரியும்?"

"எப்பன்னு கேப்போம்" என்றார்.

நீதிமன்றத்தில் ஆயுள் கழித்தவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. கோடு போட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இன்னோர் அதிசயம். ஒரு செயலைச் சொல்ல வினைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நாம் 'எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான்' என்று ஒன்றோடொன்று தைப்போம். அவர்கள் எடு, போ, கொடு என்று தையல் போடாமலே நிறுத்திவிடுகிறார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி. யாரும் யாரையும் தொடுவதில்லை, ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பதில் சந்தேகமில்லை.

மேசை மேல், வீட்டுக்குள் என்று நாம் சொல்கிற மாதிரியே அவர்களும் பொருளை முதலில் சொல்லி இடத்தைப் பின்னால் வைக்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டுமா, வாக்கியத்தின் கடைசியில் ஓர் 'ஆ' போட்டால் போதும். வந்தாயா, தின்றாயா என்கிற நம் ஆ. இதைக் கேட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அத்தனை கடல் தாண்டி இருக்கிற ஊரில் யாரோ ஒருவர் நம்மைப் போலவே சந்தேகப்படுகிறார்.

என்னைத் தோற்கடித்தது சுருதி. மேலே ஒன்று, கீழே ஒன்று. 'வோ' என்பதைக் கீழே சொன்னால் நீ, மேலே சொன்னால் அவர்கள். பர்மிய மொழியில் சுருதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெருவில் விளையாடிக் கற்றது அது. இதுவோ பென்ஷன் வாங்கும் வயதில் வந்தது. நான் கோஜோவைப் பார்த்து நீ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் திரும்பித் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கோ அவுங் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அவரு பேருக்கு என்ன அர்த்தம், ஸயா?"

கேட்டுச் சொன்னேன். திங்கட்கிழமை பிறந்தவன் என்று அர்த்தம். அவர்கள் ஊரில் பிறந்த கிழமையை வைத்தே பெயர்.

கோ அவுங்கின் முகம் மலர்ந்தது. பர்மியர்களும் கிழமை பார்த்துத்தான் பெயரின் முதல் எழுத்தைத் தேர்வார்கள். ககர வரிசை திங்கட்கிழமைக்கு உரியது. "க-வுல ஆரம்பிக்குது, திங்கட்கிழமை. சரியாத்தானே வெச்சிருக்காங்க" என்றார். அன்றிலிருந்து கோஜோவுக்குத் தேநீர் பாலோடு வந்தது.

புதன்கிழமை மாலை, கிளம்பும்போது கோஜோ கேட்டார்: "நாளைக்கு உங்களை யார் பரீட்சை பண்ணுவாங்க, அங்கிள்?"

"உங்களைத் தவிர யாரும் இல்லை."

"சத்தியம் வாங்குவாங்களா?"

"பைபிள் மேல."

அவர் முகம் சுருங்கியது. "எங்கம்மா இருந்தா உங்களுக்கு எத்தனை மார்க் போடுவாங்கன்னு யோசிக்கிறேன்" என்றார். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

சாட்சி

வியாழன் காலை. நீதிமன்றத்தில் ஈரக் குடைகளின் வாடை. கடைசி வரிசையில் பிலோமினா, மடியில் எவர்சில்வர் அடுக்குக் கேரியர். அரசுத் தரப்புச் சட்ட அதிகாரி ஊ டின் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தன் வழக்கில் சத்தியம் செய்யவைக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இங்கே கோஜோ தன் வழக்கில் பேசப்போவதில்லை, என் வழக்கில் பேசப்போகிறார். இதை நான்தான் எடுத்துச் சொன்னேன். நீதிபதி தலையசைத்தார். எனக்கும் சத்தியம் வாங்கினார்கள்: சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று.

"இவருக்கு உங்க மொழி தெரியுமான்னு கேளுங்க" என்றார் டோ ம்யா ம்யா.

நான் கூண்டைப் பார்த்துத் திரும்பினேன். "மெஞா எவெக்பெ ஆ?" எனக்கு எவே மொழி தெரியுமா? அந்த இரட்டைக் கதவு முதல் தடவையாகச் சேர்ந்து திறந்தது. எனக்கே கேட்டது.

கோஜோ பைபிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணில் வருத்தம் தெரிந்தது. பிறகு மெதுவாக, நான் படித்த சொற்களை மட்டும் எடுத்து, பேசத் தொடங்கினார். முதல் சொல்லே 'ஆவோ'. இல்லை என்று பொருள்.

அவர் முடித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிலோமினா சிரித்தபடி எனக்குத் தைரியம் சொன்னாள்.

"மாண்புமிகு நீதிபதி அவர்களே" என்றேன். "சாட்சி சொல்வது: இல்லை. இவருக்கு எங்கள் மொழி கொஞ்சம்தான் தெரியும். குழந்தை பேசுவது போல் பேசுகிறார்."

நீதிபதி எழுதிக்கொண்டார்.

"அவ்வளவுதானா?"

"இல்லை. நீ என்பதற்கு அவர்கள் என்கிறார். குற்றம் செய்தது நீயா என்று கேட்டால் குற்றம் செய்தது அவர்களா என்று கேட்கும். கப்பலில் இருக்கிற எல்லாரையும் கூண்டில் ஏற்ற வேண்டி வரும். ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. நான் சொல்வதைப் புரிந்துகொள்கிறார். அவ்வளவுதான்."

ஊ டின் உடனே எழுந்தார். "ஆட்சேபணை, ஸயாமா. இந்த மொழிபெயர்ப்பாளருக்கு மொழி தெரியாதுன்னு சாட்சியே சொல்லிட்டாரு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சாட்சி அப்படிச் சொன்னாரா?"

"சொன்னாரே."

"உங்களுக்கு எவே தெரியுமா, ஊ டின்?"

"எனக்கு எப்படி ஸயாமா தெரியும்?"

"அப்ப அவர் அப்படிச் சொன்னாருன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ஊ டின் என்னைக் காட்டினார். கை பாதி தூரம் வந்ததும் தயங்கியது.

"இவர் மொழிபெயர்ப்பை நம்பித்தான் இவர் மொழிபெயர்ப்பை ஆட்சேபிக்கிறீங்க" என்றார் நீதிபதி. "நம்பறீங்களா, இல்லையா?"

ஊ டின் படித்தவர். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் நான் நின்றிருந்தேன். உட்கார்ந்துவிட்டார்.

டோ ம்யா ம்யா சத்தமாகச் சொல்லியபடியே எழுதினார்: தமக்கு எதிரான சாட்சியத்தை ஒன்றும் விடாமல், மென்மைப்படுத்தாமல் மொழிபெயர்த்த ஒருவரை நம்புவதில் இந்த நீதிமன்றத்துக்குத் தயக்கமில்லை. என் பணிக்காலத்தில் அதைவிட நல்ல நற்சான்று எனக்கு யாரும் தந்ததில்லை. கடைசி வரிசையில் பிலோமினா மட்டும் முறைத்துக்கொண்டிருந்தாள். என்னை அல்ல, கோஜோவை.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. எல்லையைத் தாண்டியதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். கோஜோ ஆம் என்றார். எச்சரிக்கையும் சிறு அபராதமும். அபராதத்தைக் கோவில்காரர்கள் கட்டினார்கள். விருந்து சாப்பிட்டவர்கள் எல்லாரும் பங்கு போட்டார்கள்.

விடுதலை உத்தரவில் முத்திரை வைக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் எந்தக் கடையில், எந்த மேசையில் சாப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும். மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தே முத்திரை குத்தினார். ஓரத்தில் கொஞ்சம் மீன்குழம்பு பட்டது. விதிப்படி அது செல்லும்.

படகுத்துறை

கப்பலுக்குப் போகும் படகு இரைந்துகொண்டிருந்தது. ஆற்றிலிருந்து டீசலும் சேறும் கலந்து மணம் வந்தது. பிலோமினா கேரியரைக் கோஜோவின் கையில் திணித்தாள். குழந்தை மாதிரிப் பேசுகிறார் என்றதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் சோறு வேறு விஷயம்.

கோஜோ படகில் ஏறி நின்றார். கயிறு அவிழ்ந்தது. அவர் என்னைப் பார்த்து எவே மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கினார். இம்முறை பாடம் நடத்தும் வேகம் இல்லை. அவர் ஊரில், அவர் ஆட்களிடம் பேசுகிற வேகம். நீளமாகப் போயிற்று. ஒரு தடவை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றாள் பிலோமினா.

என் சத்தியப்பிரமாணம் நீதிமன்ற வளாகத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

"நீ கட்டிக் கொடுத்த சோறு வாசனையே பிரமாதம்னு சொல்றாரு."

"இத்தனை நேரமாவா?"

"அவங்க பாஷையில நீட்டித்தான் சொல்லணும்."

அவள் முகம் இளகியது. படகு நகர்ந்துகொண்டிருந்தது. "உப்பு ஒரு சிட்டிகை கம்மி. அதையும் சொல்லிடுங்க, பாவம்" என்றாள்.

வழியனுப்பும் வார்த்தை ஒன்று எனக்குத் தெரியும். நலமாகப் போய் வா என்று அர்த்தம். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து அதைக் கத்தினேன். கோஜோ கேரியரை உயர்த்திக் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று நான்கு தடவை தலையாட்டினார்.

"என்ன சொல்றாரு?"

"பரவாயில்லையாம்" என்றேன். "கடல்ல உப்புக்கா பஞ்சம்னு கேக்கறாரு."